நைனா வெளியே போன சுவர்

1

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போய், மண் சுவர் ஏன் சுருங்குகிறது என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். என் பிழைப்பே அதுதான். ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில், பழைய வீடுகளுக்கு மண் சுவரும் மண் பூச்சும் போட்டுக்கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் "இன்ஜினியர்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மண்ணைக் குழைக்கவா ஏரோப்பிளேன் ஏறிப் போனாய் என்று கேட்கிற ஊர் எங்களுடையது.

அந்த வீட்டுக்காரி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த வாசல் வேண்டாம் என்று மண்ணால் அடைக்கச் சொல்லியிருந்தார். அடைத்துக் கொடுத்தோம். காய்ந்த பிறகு புது மண்ணுக்கும் மேலே இருந்த பழைய சுவருக்கும் நடுவில் ஒரு கோடு விட்டுவிட்டது. ஒரு தபால் அட்டையை அதற்குள் நுழைத்துக் காட்டி, இதற்குப் பெயர்தான் வேலையா என்று கேட்டார். நான் மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலைச் சொன்னேன். ஈர மண் காயும்போது சுருங்கும், தன் எடையில் கொஞ்சம் கீழே இறங்கும். பழைய சுவர் இறங்காது. அதனால் உச்சியில் இடைவெளி விழும். இன்னொரு முறை வந்து நிரப்பினால் சரியாகிவிடும்.

அவர் சமாதானம் ஆகவில்லை. உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் சும்மா விடுவீர்களா என்று கேட்டார். என் வீட்டிலும் அப்படி ஒரு இடைவெளி இருக்கிறது. ஆந்திராவில், சித்தூர்ப் பக்கம், என் அம்மா தனியாக இருக்கும் வீட்டில். அதைச் சிமெண்டு வைத்து அடைக்காவிட்டால் அம்மாவை அங்கே விட்டுவைக்க மாட்டேன், திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறான் தம்பி டில்லிபாபு. அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்கிறாள் அம்மா. ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. நீதானே படித்தவள், நீயே சொல் என்று இரண்டு பேரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நைனாவின், அதாவது எங்கள் அப்பாவின், முதல் வருஷத் திதி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் சொல்ல வேண்டும்.

2

எங்கள் ஊர் கொத்தூர். கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மாந்தோப்புகளுக்கு நடுவே நடக்க வேண்டும். இங்கே ஜெர்மனியில் எல்லோரும் என்னை அந்த ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் தமிழ்க் குடும்பம். எங்களுக்கு இனிஷியல் உண்டே தவிர, தெலுங்குக்காரர்களுக்கு இருப்பதுபோல வீட்டுப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தெலுங்கு வாத்தியார் "இன்டி பேரு" என்னவென்று கேட்க, நைனா விழித்திருக்கிறார். வாத்தியார் ஊர்ப் பேரையே எழுதிப் பிரச்சினையை முடித்துவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் "ஃப்ராவ் கொத்தூர்", அதாவது திருமதி கொத்தூர், என்று கூப்பிடும்போதெல்லாம், மாமரம் ஆடுமாடு உள்பட மொத்த ஊரும் எழுந்து கவுண்டருக்கு நடப்பதுபோல எனக்குத் தோன்றும்.

பழைய வீடு ஒழுக ஆரம்பித்தபோது நைனா சிமெண்டில் மாடி வீடு கட்டத்தான் நினைத்திருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். இங்கே டாக்டர்களும் பேராசிரியர்களும் ஆசைப்பட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து மண் சுவர் வைத்துக்கொள்கிறார்கள். சிமெண்டு சூளையில் வேகும்போது எவ்வளவு புகை வானத்துக்குப் போகிறது, மண் சுவர் எப்படி வெயிலை வெளியே நிறுத்துகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுவது நம் பக்கத்து வீடுகளைத்தான். நம் பக்கத்திலோ மண் வீடு என்றால் கதியற்றவன் வீடு.

டில்லிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவன் திருப்பதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மாமனார் வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். அது நியாயமான கவலைதான். நைனா ஒரே பேச்சில் முடித்தார். "எம்பொண்ணு படிச்ச படிப்ப வெள்ளக்காரன் ஊட்டுக்கு மட்டும் செஞ்சிக்கினு இருக்கணுமா? நம்ம ஊட்டுக்கு ஒண்ணு செய்யட்டும்."

தோப்பில் பண்ணைக்குட்டை வெட்டி எடுத்த செம்மண் மலையாகக் குவிந்து கிடந்தது. அதைச் சலித்து, கொஞ்சம் மணலும் சுண்ணாம்பும் கலந்து, இரண்டு பக்கமும் பலகை அடைத்து நடுவில் கொட்டி, ஒரு சாண் ஒரு சாணாக இடித்து ஏற்றினோம். சுவரின் கனம் ஒரு முழத்துக்குக் குறையாது. என் விடுமுறை முடிந்து நான் கிளம்பும்போது சுவர் இடுப்பு உயரத்தில் நின்றது. மீதியை நைனா பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் போனில் காட்டுவார். ஈரம் சரியா, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதா என்று நான் கேட்க, அவர் உருட்டிக் காட்ட, இப்படியே வீடு எழும்பியது. பலகை பிரித்தபோது சுவரில் வரிவரியாகச் சிவப்பும் பழுப்பும் தெரிந்தன. எந்த வரி எந்த வாரம் இடித்தது என்று நைனாவால் சொல்ல முடியும்.

முதல் மழையில் கரைந்து ஓடைக்குப் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கணக்கெடுக்க வந்த, ஊர்ச் சச்சிவாலய அலுவலகத்துப் பெண் வெளியே நின்றபடியே போனில் "மட்டி இல்லு" என்று பதிந்துகொண்டாள். மண் வீடு, அதாவது ஏழை வீடு. நைனா அவளை உள்ளே கூப்பிட்டு, சித்திரை வெயில் மத்தியானத்தில் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னாராம். அவள் வைத்துப் பார்த்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பதிந்ததை மாற்றவில்லை. இதை எனக்குச் சொல்லும்போது நைனா இருமும் அளவுக்குச் சிரித்தார்.

3

போன வருஷம் மாங்காய் சீசன் முடிந்த கையோடு, ஒரு விடிகாலை, நைனா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் எழுந்து போனைப் பார்த்தபோது அங்கே வெயில் ஏறியிருந்தது.

என்னால் கிளம்ப முடியவில்லை. என்னுடைய வசிப்பு அட்டை காலாவதியாகி, புதியது கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருந்த நேரம். அட்டை இல்லாமல் நாட்டைவிட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வரத்தான் விடமாட்டார்கள். இடைக்கால அனுமதித் தாள் ஒன்று உண்டு. அதற்கும் வரிசை. அப்பா இறந்துவிட்டார் என்று அலுவலகத்து வாசலில் போய் நின்றேன். அங்கிருந்த பெண் இரக்கத்தோடுதான் பேசினாள். ஆழ்ந்த அனுதாபங்கள் என்றாள், நேரம் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்றாள். பதற்றத்தில் எனக்கு ஜெர்மன் வார்த்தைகள் வரவில்லை. தெலுங்கு வந்தது. வெளியூர்க்காரர்களிடம் பேசும் மொழி என்று என் தலைக்குள் சின்ன வயதிலேயே பதிந்தது அதுதான் போலிருக்கிறது. கருமாதி முடிந்த மறுநாள் புது அட்டை தபாலில் வந்தது.

அன்று நடந்ததை எல்லாம் போன் வழியாகத்தான் பார்த்தேன். டில்லி திருப்பதியில் தனக்குத் தெரிந்த பந்துலுவை, அதாவது புரோகிதரைக் கேட்டிருக்கிறான். அவர் தன் பஞ்சாங்கத்தைப் பார்த்து, உயிர் போன நேரத்தில் ரேவதி நட்சத்திரம் இருந்தது, அடைப்பு உண்டு என்று சொல்லிவிட்டார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அவிட்டம் முதல் ரேவதி வரைக்குமான ஐந்து நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் எங்கள் பக்கத்தில் பயம் அதிகம். போனவர் வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிப்போவார் என்பார்கள். பிணத்தை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். பின்சுவரை உடைத்து அந்த வழியாக எடுப்பார்கள். ஓட்டையை அப்புறம் அடைத்துவிடுவார்கள். வெளியே போன வழி அடைபட்டுவிட்டால் போனவருக்குத் திரும்பி வரத் தெரியாது என்று கணக்கு. பிறகு வீட்டை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும்.

டில்லியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். வயிற்றில் கை வைத்தபடி அவள் வேப்பமரத்தடியில் நின்றதை நானும் பார்த்தேன். அந்த நிலையில் யாராக இருந்தாலும் பந்துலு சொன்னதைத்தான் கேட்பார்கள்.

உள்ளே கூடத்தில் நைனாவின் கட்டில் காலியாக இருந்தது. அவரைக் கீழே கிடத்தியிருந்தார்கள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்கு முன்னால், எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி நின்றாள். இடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

கடப்பாரைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டில்லி போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினான். முகமெல்லாம் புழுதி. "க்கா, உன் செவுரு வுழ மாட்டேங்குது க்கா," என்றான். "மூணு பேரு மாத்தி மாத்தி இடிச்சிக்கினே கீறாங்க. நைனாவ வுட மாட்டேங்குது."

முதல் மழைக்கே கரைந்துபோகும் என்றார்களே, அந்தச் சுவர். அது இளகிவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். அதை அத்தனை கெட்டியாக இடித்து ஏற்றியவர் உள்ளே தரையில் கிடந்தார். கடைசியில் ஒரு பொந்து விழுந்தது. அதைப் பெரிதாக்கி அந்த வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடைந்த ஓரம் பட்டு அவர்மேல் போட்டிருந்த வேட்டியில் செம்மண் அப்பியது. அவ்வளவுதான் நான் பார்த்தது. அப்புறம் டில்லி போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

4

என் மகள் தாராவுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் தோசை, போதும், தூக்கம் வருது என்ற அளவில் நின்றுவிட்டது. தாத்தாவோடு அவள் பேசியதெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்ததுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வகுப்பில் பூமியைக் கெடுக்காத கட்டடங்கள் என்று ஒரு பாடம் வந்தது. தாத்தா வீட்டுப் படத்தை எடுத்துப்போய்ப் பேசினாள். மண் சுவர் எப்படி மூச்சுவிடுகிறது, இடித்தால் மறுபடி மண்ணாகவே ஆகி எப்படி எதையும் மிச்சம் வைக்காமல் போகிறது என்றெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறாள். நல்ல மதிப்பெண். படத்தில் சுவருக்கு முன்னால் மேல்துண்டோடு நிற்கிறவர் இறந்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்றேன். அது தலைப்பில் இல்லையே அம்மா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பில்லை.

அன்றுதான் அவளுக்குச் சுவரை உடைத்த கதையைச் சொன்னேன். தாத்தாவுக்குத் திரும்பி வர வழி தெரியக்கூடாது என்று அப்படிச் செய்வார்கள் என்றேன். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ஜெர்மனில் கேட்டாள், அந்தச் சுவரைக் கட்டினதே அவர்தானே, அவருக்கா வழி தெரியாது என்று. கேட்டுவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

5

வீடு பூட்டியிருந்த ஆறு மாதமும் அம்மா திருப்பதியில் டில்லியின் வாடகை வீட்டில் இருந்தாள். அலிபிரிப் பக்கம், மூன்றாவது மாடி. மலைக்கு நடக்கிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டே பொழுது போகுமே என்று டில்லி நினைத்தான். அம்மாவோ எப்போது பேசினாலும் அந்த வீட்டுச் சிமெண்டுச் சுவரைத்தான் திட்டினாள். பொழுது போனாலும் அனல் கக்குகிறது, சாய்ந்து உட்கார முடியவில்லை என்பாள். பேரன் பிறந்தான், நல்லபடியாக. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் எப்போது வீட்டைத் திறப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் நான் ஒரு முறை போய் வந்தேன். கொத்தூர் வீட்டுக்குள் போகக்கூடாது. வெளியே பின்பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்தேன். டில்லி ஓட்டைக்குத் தகரம் வைத்துக் கல்லால் முட்டுக்கொடுத்திருந்தான். எப்படியும் இடித்துவிட்டுச் சிமெண்டில் கட்டப்போகிற வீடு, இதற்கு எதற்கு வேலை என்பது அவன் எண்ணம். புயல் மழை வேறு பெய்து முடித்திருந்தது. ஓட்டையின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கரைந்திருந்ததே தவிர, சுவர் அசையவில்லை. உடைந்த ஓரத்தில் நைனா இடித்த அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பலகை போட்டபோது உள்ளே விழுந்த ஒரு மாங்கொட்டை அப்படியே மண்ணோடு இறுகிக் கிடந்தது. எனக்கு அழுகை அங்கேதான் வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. புண்ணியாவாசனம் செய்து வீட்டைத் திறக்கச் சொன்னாள், போய் உட்கார்ந்துகொண்டாள். இடிப்பதென்றால் என்னையும் வைத்து இடி என்றுவிட்டாள். டில்லி இறங்கி வந்தான். ஓட்டையையாவது ஒழுங்காக அடைக்கலாம் என்று மேஸ்திரியைக் கூட்டிவந்தான். நான் போனில் இருந்தபடி, சிமெண்டு வேண்டாம், மண்ணோடு ஒட்டாது, ஈரத்தையும் வெளியே விடாது என்று மன்றாடி, அதே குட்டை மண்ணையே போடவைத்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் கடைசி அடுக்கு பழைய சுவரின் அடியில் வருகிறது. அதற்குமேல் உலக்கையை ஓங்க இடமில்லை. பக்கவாட்டில் திணித்துக் குத்தத்தான் முடியும். காய்ந்ததும் அது இறங்கிவிட்டது. தலைக்கு மேலே, கிழக்கே பார்த்த அந்தப் பின்சுவரில், ஆள் அகலத்துக்கு ஒரு கீற்று. விரல் நுழையாது, வெளிச்சம் நுழையும்.

அதைப் பூசிவிடலாம் என்று டில்லி சொன்ன நாளிலிருந்துதான் இந்த வழக்கு.

6

திதியன்று டில்லி குடும்பத்தோடு கொத்தூருக்குப் போயிருந்தான். நான் இங்கே குளித்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். படையல் போட்டார்கள். நைனாவுக்குப் பிடித்த மாங்காய்ப் பருப்பும் களியும் வைத்திருந்தார்கள். காக்கைக்குச் சோறு வைத்தார்கள், அது சீக்கிரமே வந்து எடுத்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் டில்லி சட்டியில் சிமெண்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து சுவருக்குக் கீழே வைத்தான். போனை எடுத்து அந்தக் கீற்றுக்கு நேராகக் காட்டினான். இத்தனை நாள் நான் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டதில் அவனுக்குக் கோபம். இன்றைக்காவது சொல் என்றான். பூச்சி வரும், பாம்பு வரும், தனியாக இருக்கிற பொம்பளை என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். மருமகள் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரைக்கும் காத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"நம்ம தமிழ் காலண்டர்ல அன்னிக்கி ரேவதி விடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சி பூட்ச்சிப்பா," என்றாள். "அசுவினிலதான் உங்க நைனா கண்ண மூடினாரு. அடைப்பே இல்ல. வாசப்படி வழியா போவ வேண்டிய மனுசன்."

டில்லி அவளையே பார்த்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் எப்போதும் இரண்டு கணக்கு ஓடும். சுவரில் தமிழ்க் காலண்டர் தொங்கும். நல்லது கெட்டதுக்குத் தெலுங்குப் பந்துலு வருவார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். என்றைக்காவது ஒரு நாள் நட்சத்திரம் முடிகிற நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்த நாளில் நைனா போயிருக்கிறார். காலண்டருக்கு முன்னால் அம்மா ஏன் முதுகைக் காட்டி நின்றாள் என்று ஒரு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று டில்லி கேட்டான்.

"உம்பொண்டாட்டி வயித்துல புள்ளய வெச்சிக்கினு நடுங்கிக்கினு நின்னா. எது நெசம்னு நான் எப்பிடிப்பா அடிச்சி சொல்றது? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? அவரே இருந்தாலும் செவுத்த இடிங்கன்னுதான் சொல்லியிருப்பாரு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பதான் புள்ள நல்லாகீதே. வாசல்ல போவ வுடல. வர்றதுக்காவது கொஞ்சம் வழி இருக்கட்டும்."

இங்கே என் பின்னால் தாரா வந்து நின்றிருந்தாள். அம்மா சொன்னதில் பாதிகூட அவளுக்குப் புரிந்திருக்காது. என் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

நீ சொல்லு க்கா, என்றான் டில்லி. அவனுக்குச் சிமெண்டு பற்றிய பதில் வேண்டியிருக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் எனக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான். சுவருக்கு ஒன்றும் ஆகாது, கீற்று இருந்தாலும் நிற்கும் என்றேன். பாம்பு வராத அளவுக்கு வெளிப்பக்கம் கம்பிவலை கட்டலாம் என்றேன். மழைக்காலத்தில் சாரல் மட்டும் உள்ளே அடிக்கும், அதுவும் நேராகக் கட்டில்மேல்தான் விழும் என்றேன்.

"தெரியும் கண்ணு," என்றாள் அம்மா. "நைனா கட்டில அப்பவே இந்தாண்ட இஸ்து போட்டுட்டேன். நனையாது."

டில்லி போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வாசலில் தண்ணீர் ஊற்றி அதைத் தேய்த்துக் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.